கண்ணாடித் தொட்டியில் குள்ள இறால் விருத்தி

குளத்திலும் வாய்க்காலிலும் துள்ளும் சிற்றிறால்களைக் கண்டறியாத குடியானவர் இலர். அவற்றை ஒத்த ஒரு நன்னீர்க் குள்ள இறால், சிவப்பு, மஞ்சள், நீலம் முதலிய வர்ணங்களில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்பட்டு, அலங்கார மீன்களுடன் விலைக்கு விற்கப்படுகின்றது. இதை வாங்கி வளர்க்கத் தொடங்குவோரில் பலர் முதல் மாதத்திலேயே யாவற்றையும் இழந்து, இது நம் சீமைக்கு ஏற்றதன்று என்று கைவிட்டு விடுகின்றனர். குற்றம் இறாலினுடையதன்று. ஜலம் பக்குவப்படுமுன் இறாலை விடுவதும், பயிருக்குத் தெளிக்கும் மருந்துகள் அறியாமல் தொட்டியிற் சேர்வதுமே இந்நஷ்டத்துக்குப் பெரிதும் காரணங்களாம்.

ஜாதியும் இயல்பும்

இவ்விறாலுக்குச் சாஸ்திரப் பெயர் நியோகாரிடினா டேவிடி என்பது. கிழக்குச் சீனம், தைவான், கொரியா ஆகியவற்றின் ஓடைகள் இதற்குத் தாயகம். 1904-ஆம் வருஷத்தில் பூவியே என்னும் பிரெஞ்சு சாஸ்திரி இதை முதலில் விவரித்தார். இயற்கையில் இது நிறம் மங்கிய பிராணி. வர்ண வகைகள் யாவும் மனிதர் பொறுக்கி இணைத்து உண்டாக்கியவை. வளர்ந்த பெட்டை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமிருக்கும். ஆண் அதனினும் சிறியது, மெலிந்தது. ஆயுள் ஒன்று முதல் இரண்டு வருஷம்.

பண்ணைகளில் வளர்க்கப்படும் பெரிய நன்னீர் இறாலின் இளங்குஞ்சுகள் உப்புக் கலந்த ஜலமின்றிப் பிழையா. பினாங்கில் ஷாவோ வென் லிங் என்பவர் 1961-ஆம் வருஷத்தையொட்டி இவ்வுண்மையைக் கண்டறிந்த பின்னரே அதன் குஞ்சுகளை மனிதர் பொரித்து வளர்த்தல் கைகூடிற்று. குள்ள இறாலுக்கோ இத்தொல்லை இல்லை. முட்டையினின்று வெளிவரும் குஞ்சு தாயின் வடிவத்தையே கொண்டிருக்கும். தாய் வாழும் நன்னீரிலேயே தானும் வாழும்.

ஜலத்தைப் பக்குவப்படுத்துதல்

20 முதல் 40 லிட்டர் கொள்ளும் தொட்டி போதுமானது. அடியில் மணலும், மேலே ஜாவாப் பாசி முதலிய நீர்ப் பூண்டுகளும் இடவேண்டும். காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே சிறந்தது. மற்றவை குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

பிராணிகளின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நிலத்தில் இட்ட எரு பயிருக்கு உதவும்படி மாறுவதும் இத்தகைய உயிர்களின் வேலையாலேயாம். புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் செல்லும். அதுவரை இரண்டு நாளைக்கொரு முறை சிறிது மீன் தீனி தூவி வரவேண்டும். சோதனைத் திரவத்தினால் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போன பிறகே 10 அல்லது 15 இறால்களை விடலாம். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே முற்றும் பொருந்தும்.

இனவிருத்தியும் வளர்ச்சியும்

பருவமடைந்த பெட்டையின் தலைக்குப் பின்புறம், முதுகில் சேணம் வைத்தாற்போல் மஞ்சள் நிறம் தோன்றும்; அது சூலகத்திலுள்ள முட்டைத் திரள். பெட்டை ஓடு கழற்றியவுடன் ஆண்கள் அதைத் தேடித் தொட்டியெங்கும் விரைந்து நீந்தும். இணைந்த பின் முட்டைகள் வயிற்றின்கீழுள்ள நீந்து கால்களில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஓர் ஈட்டுக்குச் சாதாரணமாக 20 முதல் 30 முட்டைகள் இருக்கும். தாய் அவற்றை இடைவிடாமல் விசிறிக் காற்றூட்டி, 3 அல்லது 4 வாரத்தில் பொரிக்கும்.

குஞ்சு பிறக்கும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமே உடையது. பாசியிலும் இலையிலும் படியும் நுண்ணிய வழவழப்பே அதற்கு ஆகாரம். உலர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைத் தொட்டியில் இட்டால் குஞ்சுகள் அதன்மேல் மேய்ந்து வளரும். 2 அல்லது 3 மாதத்தில் அவையும் இனம் பெருக்கத் தொடங்கும். கழற்றிய ஓட்டை அகற்றலாகாது; அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக இறால்கள் அதைத் தின்னும். மீதமாகும் தீனி ஜலத்தைக் கெடுக்குமாதலால், இரண்டு மணி நேரத்தில் தின்று தீரும் அளவே இடவேண்டும்.

நஷ்டம் நேரும் வழிகள்

முதலாவது செம்பு. இறாலின் இரத்தத்தில் இயல்பாகவே செம்பு உண்டாயினும், ஜலத்தில் கரைந்த செம்பு மிகச் சிறிதளவேனும் அதைக் கொன்றுவிடும். செப்புக் குடத்தில் வைத்த ஜலத்தை ஊற்றலாகாது. மயில்துத்தமோ போர்டோக் கலவையோ கையாண்டவர் கையை நன்கு கழுவாமல் தொட்டியைத் தொடலாகாது.

இரண்டாவது பூச்சி மருந்து. இறாலும் பூச்சியும் ஒரே பெரும் வகுப்பைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். மருந்து தெளித்த கீரையையும் காய்கறியையும் ஆகாரமாக இடலாகாது.

மூன்றாவது உஷ்ணம். 20 முதல் 26 டிகிரி வரை உகந்தது. 30 டிகிரிக்கு மேற்பட்டால் ஜலத்திலுள்ள பிராணவாயு குறையும். உஷ்ணம் மிகுந்த ஜலத்தில் வளரும் குஞ்சுகளில் ஆண்களே அதிகப்படும். கோடையில் தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, ஜலத்தின்மேல் விசிறிக் காற்று படச் செய்க. ஆவியாய்ப் போன அளவுக்குச் சுத்தமான மழை ஜலத்தை ஊற்றுக. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றுவது போதும். குழாய் ஜலமாயின் குளோரின் நீங்கிய பின்னரே சேர்க்கவேண்டும்.

பொறுக்கலும் பொது ஜாக்கிரதையும்

விதை நெல்லுக்குக் கலப்பை நீக்குவது போலவே, நிறம் மங்கியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, நல்ல நிறமுள்ளவற்றையே பெருக்கவேண்டும். பல வர்ணங்களை ஒரே தொட்டியில் கலந்தால், சில தலைமுறையில் யாவும் பழைய மங்கல் நிறத்துக்கே திரும்பும்.

மிகுந்துபோன இறால்களை ஏரியிலோ கண்மாயிலோ விடுதல் கூடாது. ஜெர்மனியில் மின்சார நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில், தொட்டியிலிருந்து தப்பிய இவ்விறால் நிலைபெற்றுவிட்டது 2013-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அவ்வோடைக்கு வெந்நீர் வேண்டியிருந்தது. நம் குளங்களோ இயல்பாகவே வெதுவெதுப்பானவை. அவற்றிலுள்ள நாட்டு இறால்களுக்கு இடமும் இரையும் குறையும்படி செய்வது ஊருக்குத் தீங்காகும். ஆதலால் வளர்ப்போர் தங்கள் இறாலைத் தொட்டிக்குள் நிறுத்துவதோடு, கிராம அதிகாரிகளும் பொது நீர்நிலைகளில் அயல்நாட்டுப் பிராணிகளை எவரும் விடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.