மணி அடிக்காத மாதங்கள்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட 19 மாதங்களில் மாணவர்கள் இழந்த பாடங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவர்கள் இழந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அது நாளின் ஒழுங்கு.

அப்போது நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசிய பெற்றோர் பலரும் சொன்ன குறை ஒன்றுதான். "சார், ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான், மத்தியானம்தான் எந்திரிக்கிறான். நேரத்துக்குச் சாப்பிடுறதும் இல்ல." இதைச் சோம்பல் என்று கண்டிக்கும் முன், உடலுக்குள் நடப்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

உடலின் கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு நரம்புச் செல் தொகுப்பு உள்ளது. தூக்கம், உடல் வெப்பநிலை ஆகியவற்றின் அன்றாட ஏற்ற இறக்கங்களை அது நெறிப்படுத்துகிறது. செல்லுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களைக் கொண்டு விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலானோருக்கு இக்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது அன்றன்று திருத்தப்படுகிறது. பகலில் வீட்டுக்குள் அடைந்து, இரவில் செல்பேசி வெளிச்சத்தில் கண்விழித்தால் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். வளரிளம் பருவத்தினருக்கு இது இன்னும் எளிதில் நேரும்.

வெளிச்சம் மட்டுமல்ல, கூட்டமும் நேரம் சொல்லும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் வௌவால்களிடம் செய்த ஆய்வு 1981இல் வெளியானது. இருண்ட குகைக்குள் கூண்டில் இருந்த வௌவால், தன் கூட்டம் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் நேரத்தோடு ஒத்து இயங்கியது. கூட்டம் இல்லாதபோது அதன் நேரம் நாள்தோறும் விலகிச் சென்றது. வௌவாலுக்குச் சொன்னது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காலை வழிபாட்டுக் கூட்டம், இடைவேளை மணி, சத்துணவு வரிசை ஆகியவை ஒருசேர நின்றபோது நம் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த ஆய்வுதான்.

நிழல் குறிப்பேடு

என் வகுப்பில் பாதி வீடுகளில் திறன்பேசி இல்லை. இருந்ததும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எனவே செல்பேசி தேவைப்படாத ஒரு வேலையைக் கொடுத்தேன். வாசலிலோ மாடியிலோ 30 செ.மீ. குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட வேண்டும். காலை 8 மணிக்கும் பகல் 12.15க்கும் நிழலை அளந்து நோட்டில் எழுத வேண்டும். மேகமாக இருந்தால் 'மேகம்' என்று எழுதினால் போதும். மாலை 6 மணிக்கு நான் தினமும் நான்கு பேரை அழைத்து அன்றைய அளவைக் கேட்பேன். உலர் உணவுப் பொருள் வாங்க வரும் பெற்றோரிடம் நோட்டைக் கொடுத்தனுப்புவார்கள்.

காலை வெயில், குறித்த நேரம், அதே நேரத்தில் நண்பர்களும் அளக்கிறார்கள் என்ற நினைவு ஆகிய மூன்றும் இதில் சேர்ந்தே வந்தன. எல்லாரும் தொடரவில்லை. ஒரு மாணவன் மாமாவின் பரோட்டாக் கடையில் இரவு வரை நின்றான். அவனிடம் காலை அளவைக் கேட்கவில்லை, பகல் அளவு மட்டும் போதும் என்றேன். பள்ளி திறந்த வாரத்தில் அவன் நோட்டோடு வந்தான். அதில் 61 அளவுகள் இருந்தன. இடையில் விட்டுப்போன நாள்களும் நிறைய. நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கோடை விடுமுறை, மழை விடுமுறை, தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கொடுப்பதைவிட, நேரம் குறித்த ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். செடிக்கு நீர் ஊற்றுவது, வெப்பநிலையைக் குறிப்பது, தம்பி தங்கைக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது என எதுவாகவும் இருக்கலாம். அது காலையில், வெளிச்சத்தில், தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். செய்தாயா என்று கேட்க ஒருவர் இருக்கட்டும்.