காற்று அடிக்கிற ஊரில் வேலை: போவதா, வேண்டாமா?

மேட்டூர்க்காரர்களுக்கு எப்போதும் தண்ணீர்க் கணக்குத்தான். காலையில் டீக்கடையில் இரண்டு பேர் சந்தித்தால், "டேம்ல இன்னிக்கு எத்தனை அடி?" என்றுதான் பேச்சே தொடங்கும். 120 அடி நிறைந்துவிட்டால் ஊருக்கே கல்யாணக் களை வந்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் 2023-ம் வருடம் மார்ச் மாதம் காற்றுக் கணக்கு ஆரம்பித்தது!

என் கணவர் எலெக்ட்ரீஷியன். ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடங்கள் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார். 2022 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அப்புறம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மாதம் 15,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். அதில் ஒரு 7,000 வரும். வீட்டுக் கடன் மாதம் 8,500. பெண் ஒன்பதாவது, பையன் நாலாவது. மாமியாருக்கு 74 வயது, இளைப்பு உண்டு. நிலைமையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

அப்போதுதான் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் போன் செய்தார். காற்றாலைப் பராமரிப்பில் ஆள் வேண்டுமாம். சம்பளம் 38,000. ஊர் ஜெய்சல்மர்.

"அது எங்கேங்க இருக்குது?" என்றேன். பையன் அட்லஸைக் கொண்டு வந்தான். ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், கிட்டத்தட்ட பாகிஸ்தான் எல்லையில் விரலை வைத்தான். நான் தையல் மிஷின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காற்றைத் தேடிப் போகிற வேலை

இந்த வேலை ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். காற்றாலையை நம் வசதிக்கு வைக்க முடியாது, காற்று வருகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிற உடுமலைப்பேட்டை, தாராபுரம் பக்கத்திலும் காத்தாடிகள் வரிசையாக நிற்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஜெய்சல்மர் பாலைவனத்தில் 2001-ம் ஆண்டு முதல் காற்றாலைகள் வைத்து வருகிறார்கள். மரமில்லாத வெட்டவெளி, வைகாசி தொடங்கி ஆவணி வரை ஓயாத காற்று. மேட்டூர் அணையின் மொத்த உயரமே 214 அடிதான். அங்கே நிற்கிற 80 மீட்டர் காத்தாடியின் கம்பம் 260 அடிக்கு மேல்! அதன் உச்சியில் ஏறித்தான் என் கணவர் வேலை பார்க்க வேண்டும். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்நூறு ரூபாய் லாபம்!

15,000 எங்கே, 38,000 எங்கே! மாதம் 23,000 அதிகம். "எல்லாருமே போயிடலாம், நாலு வருஷத்துல கடனை அடைச்சிட்டுத் திரும்பிடலாம்" என்றார் அவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பால் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து நான் எழுதிப் பார்த்தேன்.

அங்கே வீட்டு வாடகை 8,000. என் தையல் வருமானம் நின்றுபோவது 7,000. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு கூடுவது 3,000. வருடத்துக்கு ஒருமுறை ஐந்து பேரும் ஊருக்கு வந்து போக 36,000, அதாவது மாதத்துக்கு 3,000. கோடையில் கரண்டுக்குக் கூடுதலாகச் சராசரி 1,500. ஆகக்கூடி 22,500. மிச்சம் ஐந்நூறு ரூபாய்!

ஐந்நூறு ரூபாய்க்காக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போவதா? அவர் நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பேசவில்லை.

அவர் மட்டும் போனால்? தங்க அறை கொடுக்கிறார்கள். சாப்பாடு 6,000, வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போக மாதக் கணக்கில் 1,000. அது போக 16,000 மிஞ்சும். கணக்கு நேராகிவிட்டது, குடும்பம்தான் இரண்டாகிறது.

சகோதரிகளே, சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நாம் வீட்டிலிருந்து சம்பாதிப்பதையும் மிச்சம் பிடிப்பதையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

மோசமான மாதத்தில் போய்ப் பார்த்தோம்

"பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது" என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கம்பெனியும் வந்து பார்க்கச் சொல்லியது. "மார்கழியில போனா குளுகுளுன்னு இருக்கும்" என்றார் சிநேகிதர். "வேண்டாம், கஷ்டமான மாசத்துலயே போவோம்" என்றேன். பெண்ணை மாமியாருக்குத் துணையாக விட்டுவிட்டு, பையனுடன் மே மாதக் கடைசியில் கிளம்பினோம். மேட்டூரிலிருந்து சேலம், சென்னை, அங்கிருந்து ஜோத்பூர், பிறகு ஜெய்சல்மர். போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று.

ஊர் அழகுதான். 1156-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, மஞ்சள் கல்லில், சாயங்கால வெயிலில் பொன்னாகத் தெரிகிறது. அதற்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஆனால் வெயில் 45 டிகிரிக்குக் குறையவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வானம் செம்மண் நிறமாயிற்று. "ஆந்தி, ஆந்தி" என்று கத்திக்கொண்டு கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். மணல் புயல்! ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லிவந்தவள், அன்றுதான் காற்று என்றால் என்ன என்று பார்த்தேன். ஜன்னலைச் சாத்தியும் சாப்பாட்டுத் தட்டில் மணல், தலையணையில் மணல், பையனின் காதுக்குள் மணல்.

அங்கே ஒரு திருநெல்வேலிப் பெண்மணி. கணவருக்கு அதே தொழில். ஏழு வருடமாக இருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். "மூணு மாசம் அழுவீங்க, அக்கா. அப்புறம் பழகிரும். ஆனா பெரிய வைத்தியம்னா ஜோத்பூருக்குத்தான் ஓடணும்" என்றார். ஜோத்பூர் ஏறக்குறைய 280 கிலோமீட்டர்! என் மாமியாருக்கு நடுராத்திரியில் இளைப்பு வந்தால்? அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

அவரிடம் கற்றுக்கொண்டது

காற்றும் வறட்சியும் உள்ள ஊருக்குப் போகிறவர்களுக்காக அந்த அம்மாள் சொன்னதையும், எங்கள் டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மூக்கில்தான் போகும். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. புயல் வரும்போது ஜன்னல் இடுக்கில் நனைத்த பழந்துணியைச் செருகலாம். இளைப்பு உள்ளவர்கள் வெளியே போகாமல், டாக்டர் கொடுத்த இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து நீர் போவது தெரியாது. தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். மோர் உத்தமம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலில் இருந்தவருக்கு உடம்பு அனலாகக் கொதித்துப் பேச்சும் குழறினால், நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணி போர்த்தி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதம் கூடாது.

மேற்கு ராஜஸ்தானில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். நம் தருமபுரி, சேலம் பக்கத்திலும் சில கிணறுகளில் உண்டு. பிள்ளைகளின் பல்லில் கறை விழுவது அதனால்தான். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். ஆகவே குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கள். பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து இந்திரா காந்தி கால்வாயில் வருகிற ஆற்று நீர் அங்கே குடிக்கக் கிடைக்கிறது.

சாப்பாட்டில் ஒரு சந்தோஷம்! அவர்கள் "பாஜ்ரா" என்பது நம் கம்புதான். நம் பாட்டிமார்கள் கம்பங்கூழ் குடித்தார்கள். அங்கே ரொட்டியாகத் தட்டி நெய் விட்டுச் சாப்பிடுகிறார்கள். இட்லி அரிசிக்குத்தான் ஊரிலிருந்து மூட்டை கட்ட வேண்டும்.

அத்தை சொன்னது

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் மாமியாரிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, தன் அம்மாவின் கதையைச் சொன்னார். 1925-ல் தொடங்கி 1934-ல் அணை கட்டி முடித்தபோது, உள்ளே இருந்த ஊர்களெல்லாம் தண்ணீரில் போயின. அப்போது சிறுமியாக மாட்டு வண்டியில் ஏறி வந்தவர் அவர் அம்மா. இப்போதும் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம். அந்தப் பாட்டிக்கு அது பிறந்த ஊர்.

"தண்ணி குறையறப்பல்லாம் எங்கம்மா கரையில நின்னு, இங்கதான் எங்க வூடு, இங்கதான் களத்துமேடுன்னு கை காட்டும். அதைக் கேட்டு யாரும் வெரட்டல, சர்க்காரு வெரட்டுச்சு. உங்களை யாரும் வெரட்டல, கண்ணு. அதனால அவசரப்படாதீங்க. என்னைச் சாக்கு வெச்சும் நிக்காதீங்க" என்றார்.

கடைசி வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அவரைத்தான் நான் சாக்காக வைக்க இருந்தேன்!

அன்று ராத்திரி பெண்ணிடமும் கேட்டோம். "பத்தாவதுக்கு ஸ்கூல் மாத்தாதீங்கம்மா. அப்பா போகட்டும், நான் அழமாட்டேன்" என்றாள். தமிழ் மீடியத்தில் படிக்கிறவளை அந்த வருடம் ஹிந்தியும் ஆங்கிலமும் உள்ள பள்ளிக்கு மாற்றுவது சரியல்ல என்று எங்களுக்கும் பட்டது.

எங்கள் முடிவு

அவர் மட்டும் போவது. இரண்டு வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவது. போகும் முன் நான் சில விஷயங்களைக் கறாராகக் கேட்கச் சொன்னேன். உயரத்தில் ஏறுவதற்கு முறையான பயிற்சியும் பாதுகாப்பு பெல்ட்டும் தருவார்களா? இடி மின்னலில் ஏறச் சொல்வார்களா? விபத்துக் காப்பீடு எவ்வளவு? பி.எஃப். உண்டா? இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2023-ல் இ.எஸ்.ஐ. வசதிக்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். சம்பளம் கூடியதும் அது போய்விட்டது. ஆகவே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு தருவார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கினோம்.

இரண்டு வருடம் முடிந்துவிட்டது. கடனில் பெரும்பகுதி அடைந்தது. பெண் பத்தாவதில் நல்ல மார்க். மாமியார் சௌக்கியம். ஆனால் ஆடிப்பெருக்குக்கு ஊரே காவிரியில் முழுகி அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிடுகிற நாளில் அவர் இருப்பதில்லை. காற்று அடிக்கிற காலத்தில் லீவு கிடையாதே! பையன் முதலில் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசினான். இப்போது "நல்லாருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடுகிறான். அன்றைக்கு இவர் குரல் ஒரு மாதிரி இருக்கும். நோட்டில் இதை எந்த வரிசையில் எழுதுவது?

போன மாதம் மறுபடி உட்கார்ந்து பேசினோம். அவருக்கு இப்போது தொழில் தெரியும். உடுமலைப்பேட்டைப் பக்கம் மனுப் போட்டிருக்கிறார். சம்பளம் கொஞ்சம் குறையும். ஆனால் சனிக்கிழமை பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். கிடைக்குமா, தெரியாது. கிடைக்காவிட்டால் பெண் பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஜெய்சல்மர்தான் என்று பேசி வைத்திருக்கிறோம்.

நீங்களும் இப்படி ஒரு முடிவின் முன்னால் நின்றால், நோட்டை எடுத்துக் கணக்கு எழுதுங்கள். மோசமான மாதத்தில் ஊரைப் பாருங்கள். வீட்டிலிருக்கும் பெரியவரையும் பிள்ளையையும் கேளுங்கள். எத்தனை வருடம் என்று ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதி வந்ததும், சம்பளம் நன்றாக வருகிறதே என்று தள்ளிப் போடாமல், கட்டாயம் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.