தேசிய கிராமபோன் சங்கம்

தேசிய கிராமபோன் சங்கம் (நேசனல் கிராமபோனிக் சொசைட்டி) என்பது மேற்கத்திய செவ்வியல் இசையின் அறை இசைப் படைப்புகளை முழுமையாகப் பதிவு செய்து உறுப்பினர்களுக்கு இசைத்தட்டுகளாக வழங்குவதற்காக 1920களில் இங்கிலாந்தில் இயங்கிய அமைப்பு ஆகும். 1923 இல் தொடங்கப்பட்ட 'தி கிராமபோன்' இதழின் நிறுவனரான எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி இதனை உருவாக்கினார். வணிக நிறுவனங்கள் விற்பனையாகாது என ஒதுக்கிய இசையைக் கேட்பவர்களே பணம் திரட்டிப் பதிவு செய்வித்தனர் என்பது இதன் சிறப்பு.

அறை இசை என்பது சில கலைஞர்கள் மட்டும், நடத்துநர் இன்றி, ஆளுக்கு ஒரு பகுதியாக வாசிக்கும் இசையாகும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவை சேர்ந்த நால்வர் குழு இதன் முதன்மையான வடிவம்.

பின்னணி

அக்காலத்து 12 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழன்றது. அதன் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று கூடுதலான இசையே அடங்கியது. அரை மணி நேரம் நீளும் ஒரு நால்வர் இசைக்கு ஏழெட்டுப் பக்கங்கள் தேவைப்பட்டன. ஆகவே நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டன, அல்லது இசையை வெட்டிச் சுருக்கின. இசையரங்குகளுக்குத் தொலைவில் வாழ்ந்த ஒருவருக்கு இது சிறு குறையன்று. வெட்டப்பட்ட வடிவத்தையே அவர் முழுப் படைப்பு என்று நம்ப நேர்ந்தது. மெக்கன்சியும் இத்தகைய கேட்பவரே. அவர் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளில் முதலில் எர்ம், 1923 முதல் சதூ எனும் மிகச் சிறிய தீவுகளில் வாழ்ந்தார். இதழாசிரியப் பணியில் அவருடன் இணைந்திருந்தவர் அவருடைய மைத்துனர் கிறிஸ்டோபர் ஸ்டோன்.

பதிவுகள்

சங்கத்தின் முதல் வெளியீடு, பேத்தோவன் 1809 இல் இயற்றிய 'ஆர்ப்பு' (யாழ்) என அழைக்கப்படும் நால்வர் இசையாகும். இசைத்தவர்கள் இசுபென்சர் டைக் நால்வர் குழுவினர். இதன் மூன்றாம் பகுதி இடைவெளியின்றி நான்காம் பகுதிக்குள் நுழைகிறது. தனிப் பகுதிகளாக விற்கப்பட்டால் இந்த இணைப்பு மறைந்துவிடும். முழுப் பதிவிலும் தட்டைத் திருப்ப எழ வேண்டியிருந்தது உண்மைதான், எனினும் அடுத்து வரவேண்டியது அங்கே இருந்தது.

தொடக்கப் பதிவுகளில் ஒலிவாங்கி இல்லை. கலைஞர்கள் ஒரு பெரிய கூம்பின் முன் நெருங்கி அமர்ந்து வாசித்தனர். ஒலியின் அழுத்தமே மெழுகில் கோடு கீறியது. செல்லோவின் தாழ்ந்த சுரங்கள் இதில் சரியாகப் பதியவில்லை. 1925 முதல் மின்வழிப் பதிவு பரவியபின் இக்குறை பெரிதும் நீங்கியது.

சங்கம் பழைய புகழ்பெற்ற படைப்புகளோடு நிற்கவில்லை. ஆர்னால்டு சோன்பெர்க் 1899 இல் ஆறு கருவிகளுக்கு எழுதிய 'ஒளியுற்ற இரவு' என்னும் படைப்பின் முதல் இசைத்தட்டுப் பதிவு இச்சங்கத்தினுடையதே. துணிச்சலான தேர்வு என்றே இதைச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் பெரும் இசைநடத்துநராகப் புகழ்பெற்ற சான் பார்பிரோலி, ஆந்த்ரே மான்சோ தலைமையிலான நால்வர் குழுவில் செல்லோ கலைஞராக இச்சங்கத்துக்கு வாசித்தார். நடத்துநராக அவருடைய முதல் பதிவுகளும் இங்கேயே நிகழ்ந்தன; எல்கரின் 'அறிமுகமும் அலெக்ரோவும்' அவற்றுள் ஒன்று. பீட்டர் வார்லாக்கின் 'தி கர்லூ' பாடல் தொகுதி சங்கத்தின் இறுதிக் கால வெளியீடுகளில் குறிப்பிடத்தக்கது.

முடிவும் தொடர்ச்சியும்

சங்கத்தின் வெற்றியே அதன் தேவையைக் குறைத்தது எனலாம். பெரிய நிறுவனங்கள் முழுமையான அறை இசைப் பதிவுகளில் இறங்கின. லேனர் நால்வர் குழு கொலம்பியா நிறுவனத்துக்காகப் பேத்தோவனின் நால்வர் இசைகளைத் தொடர்ந்து பதிவு செய்தது. கோர்த்தோ, திபோ, காசல்சு மூவரும் சேர்ந்து வாசித்த சூபெர்ட்டின் பி-பிளாட் மூவர் இசை 1926 இல் பதிவாயிற்று. 1930களின் தொடக்கத்தில் சங்கத்தின் பணி நின்றது.

அதே காலத்தில் எச்.எம்.வி. நிறுவனம் சந்தா முறையைத் தானே கையிலெடுத்தது. வால்டர் லெக் முயற்சியால் 1931 இல் ஊகோ வுல்ஃப் சங்கம் தோன்றியது. போதிய சந்தாதாரர்கள் முன்பணம் கட்டிய பின்னரே பதிவு நடைபெற்றது. ஐடனின் நால்வர் இசைகளைப் புரோ ஆர்ட்டே நால்வர் குழு பதிவு செய்ததும் இவ்வாறே. 1948 இல் நீள்நேர இசைத்தட்டு வந்தபின், ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் அடங்கியதால், இசையை வெட்ட வேண்டிய தொழில்நுட்பக் காரணம் இல்லாமற் போனது.

இத்தட்டுகளை இன்று கேட்போர் முதலில் கவனிப்பது இரைச்சலை. அதைக் கடந்து கேட்டால், வயலின் கலைஞர்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை வழுக்கிச் செல்வது தெளிவாகக் கேட்கும். அன்று இயல்பாக இருந்த இவ்வழக்கம் பின்னர் மேற்கத்திய வாசிப்பில் பெரிதும் அருகிவிட்டது.