வீட்டுக் கோழிக்கும் விதி வேண்டுமா?

நம் கொல்லையில் நாலு கோழி மேய்வதற்கு யாரைக் கேட்கணும் என்று நினைப்பீர்கள். ஊர் ஊராட்சியாக இருக்கும்வரை இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் நகரம் வளர்ந்துகொண்டே வருகிறதே! 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவடைந்தபோது 25 கிராம ஊராட்சிகள் அதனோடு சேர்ந்தன. இப்படிச் சேரும் ஊர்களில் கொல்லை சுருங்குகிறது. அடுத்த வீட்டுச் சுவர் நெருங்குகிறது. நேற்றுவரை யாரும் கவனிக்காத சேவல் கூவல் இன்று புகாராகிவிடுகிறது.

"அடியோடு தடை செய்துவிட்டால் என்ன?" என்பார் சிலர். அவசரத்துக்கு முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிற தாய்மாருக்குக் கோழிதானே சுருக்குப்பை! அதைப் பறிப்பது நியாயமில்லை. அதே சமயம் பக்கத்து வீட்டாரின் தூக்கமும் சுகாதாரமும் நமக்கு முக்கியம்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2010-ல் விதியைத் திருத்தியது. சாதாரண மனைக்கு 3 கோழி என்றிருந்ததை 8 ஆக்கியது; புதிதாகச் சேவல் வளர்க்கக் கூடாது என்றது. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம்தான் காரணம். நம் நாட்டிலும் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் அந்த நோய் தலைகாட்டியது. எந்த வீட்டில் கோழி உண்டு என்று தெரிந்தால்தானே நோய்க்காலத்தில் உடனே சேதி சொல்ல முடியும்?

ஆகவே பழைய விதிகளைத் திருத்தத்தான் வேண்டும். இடத்துக்கேற்ற எண்ணிக்கை, இரவுக் கூண்டு, தடுப்பூசி ஆகிய மூன்றையும் கேட்கிற விதி போதும். விதி வரும்வரை காத்திராமல் நாமே இவற்றைச் செய்யலாம்.

1. கோழிக்கு ஒரு சதுர அடி வீதம் கூண்டில் இடம் விடுங்கள். கூண்டைப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள்.

2. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். வீடுகள் நெருங்கிய தெருவில் பெட்டை மட்டும் போதும். குஞ்சு வேண்டுமானால் கருக்கூடிய முட்டை வாங்கி அடை வையுங்கள். 21 நாளில் பொரிக்கும்.

3. ஈரமான எச்சம்தான் நாறும். கூண்டில் உமியோ கடலைத் தோலோ பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். அள்ளிய எச்சத்தை மக்கவைத்தே பயிருக்குப் போடணும். பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

4. ராத்திரியில் தீவனத்தை மீதி வைக்காதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

5. வெள்ளைக் கழிச்சலுக்கு, குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

6. கோழிகள் கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் நகராட்சியோடு சேரப்போகிறது என்றால், அங்கே கோழிக்கு என்ன விதி என்று இப்போதே விசாரியுங்கள். கடுமையாக இருந்தால் கிராம சபையில் பேசி, மனு எழுதிக் கொடுங்கள். கூண்டு சுத்தமாக இருக்கிற வீட்டுக்காரர் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு இருக்கும்.