ஹாலந்து தேசத்து ஜல பரிபாலன சபைகள்

நெதர்லாந்து எனப்படும் ஹாலந்து தேசத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பாகம் கடல் மட்டத்திற்குத் தாழ்ந்திருக்கின்றது. கடலையும் நதிகளையும் தடுத்து நிற்பவை கரைகளே. ஓரிடத்தில் உடைப்பு உண்டாயின், அவ்விடத்து நிலக்காரனுடைய வயல் மாத்திரம் மூழ்குவதில்லை. அண்டையிலுள்ள கிராமங்கள் யாவும் மூழ்கும். ஆகவே ஒற்றுமை என்பது அத்தேசத்தாருக்கு உயிர் பிழைக்கும் உபாயமாகும்.

அங்கே அரசாங்கம் பல படிகளாக அமைந்துள்ளது. பார்லிமெண்டில் இரண்டு சபைகள் உண்டு. 150 அங்கத்தினர் கொண்ட இரண்டாம் சபையை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். 75 பேர் அடங்கிய முதற் சபையைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் மாகாண சபை அங்கத்தினரே. மந்திரிகள் பார்லிமெண்டுக்கு உத்தரவாதமுடையவர்கள். எனினும் மந்திரியானவர் அதில் அங்கத்தினராக நீடிக்கலாகாது. 12 மாகாணங்களும், அவற்றின் கீழ்ச் சுமார் 340 நகர, கிராம சபைகளும் உள்ளன.

இவையன்றி, ஜலத்தைப் பரிபாலிப்பதற்கென்றே தனிச் சபைகள் இருக்கின்றன. இவை பார்லிமெண்டைக் காட்டிலும் புராதனமானவை. ரைன்லாந்து சபை 1255-ஆம் ஆண்டிலேயே பிரபுவின் பட்டயம் பெற்றது. முற்காலத்தில் ஒவ்வொரு நிலக்காரனும் கரையில் தன் பங்கைத் தானே செப்பனிடக் கடமைப்பட்டிருந்தான். இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டு, நிலத்தைத் துறந்து செல்லவேண்டும் என்பது வழக்கம். பிற்காலத்தில் வேலைக்குப் பதிலாக வரி ஏற்பட்டது.

இன்றும் இச்சபைகள் தாமே வரி விதித்துத் தாமே செலவிடுகின்றன. கரை, வாய்க்கால், கழிவுநீர்ச் சுத்தி ஆகியவை இவற்றின் பொறுப்பு. நான்கு வருஷங்களுக்கொருமுறை தேர்தல் நடைபெறும். நலன் உடையவன் பணம் கொடுக்கவேண்டும். பணம் கொடுப்பவனுக்கு யோசனை சொல்லும் உரிமை உண்டு. இதுவே ஆதாரக் கொள்கை. முன்னர் நிலக்காரர்களுக்கே செல்வாக்கு மிகுதி. இப்பொழுது பெரும்பாலான ஸ்தானங்களைச் சகல வாசிகளும் வோட்டளித்து நிரப்புகின்றனர். 2023 முதல் விவசாயிகளுக்கு இரண்டும், இயற்கை நிலங்களைப் பேணுவோருக்கு இரண்டும் மாத்திரமே ஒவ்வொரு சபையிலும் ஒதுக்கப்படுகின்றன.

சிறிய சபை அண்மையில் இருப்பது நலமே. ஆனால் அதன் பலம் சிறிது. 1953-இல் சுமார் 2,500 சபைகள் இருந்தன. அவ்வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி இரவு வீசிய புயலில் தென்மேற்குக் கரைகள் பல இடங்களில் உடைந்து 1,836 பேர் மாண்டனர். அதன்பின் கடலை அடைக்கும் பேரணைகளை ராஜாங்கம் கட்டிற்று. கரைகளைச் சீர்ப்படுத்தக் கடன் வழங்கும்பொருட்டு 1954-இல் ஜலசபைகளுக்கென ஒரு பாங்கி ஸ்தாபிக்கப்பட்டது. அதன் பங்குகளில் பெரும்பாகம் அச்சபைகளுடையவை. சபைகளும் படிப்படியாக ஒன்றுசேர்க்கப்பட்டு, 2018 முதல் 21 ஆகக் குறைந்தன.

கரை உறுதியாய் நிற்குங்காலத்தில் வரி வீணென்று தோன்றும். கூட்டத்திற்குச் செல்வதும் அநாவசியமென்று தோன்றும். உடைப்பு நேர்ந்தபின் கூடிப் பயன் யாது? ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.