ஆடும் சக்கரம், இழுக்கும் சக்கரம்!

பம்பரம் விட்டிருப்பீர்கள் அல்லவா? ஆணி சரியாக நடுவில் இறங்கியிருந்தால் பம்பரம் நின்ற இடத்திலேயே அழகாகச் சுற்றும். ஆணி கொஞ்சம் ஒதுங்கிவிட்டால்? தலையை ஆட்டிக்கொண்டு தரையெல்லாம் துள்ளி, சீக்கிரமே சாய்ந்துவிடும். கார் சக்கரத்துக்கும் இதே கதைதான்.

டயர் கடை வாசலில் 'வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங்' என்று பலகை வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுவதால், இரண்டும் ஒரே வேலை என்று பெரியவர்களில்கூடப் பலர் நினைக்கிறார்கள். இல்லை குட்டீஸ்! பேலன்சிங் என்பது எடை பற்றியது. அலைன்மென்ட் என்பது திசை பற்றியது.

முதலில் எடையைப் பார்ப்போமா?

டயரின் ரப்பர் எல்லா இடத்திலும் மயிரிழை பிசகாமல் ஒரே கனத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் 30 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான். இது என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 56 செ.மீ. உயரமுள்ள சிறிய கார் டயர், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடியில் 12 தடவைக்கு மேல் சுற்றும். அப்போது ரிம்மின் ஓரத்தில் இருக்கும் அந்த 30 கிராம், 3 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசையோடு வெளிப்பக்கமாக இழுக்கும். அதுவும் மேலே, முன்னே, கீழே, பின்னே என்று மாறி மாறி! ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்குவது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. வேகம் பாதியாகக் குறைந்தால் இழுப்பு பாதியாகாது, கால் பங்காகிவிடும். அதனால்தான் ஊருக்குள் சமர்த்தாகப் போகும் கார், நெடுஞ்சாலைக்குப் போனதும் ஆட்டம் போடுகிறது.

இதற்கு மருந்து சுலபம். சக்கரத்தைக் கழற்றி ஓர் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றுவார்கள். எந்த இடத்தில் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று அது காட்டும். அங்கே ரிம்மில் சின்ன எடைக்கட்டியைத் தட்டி மாட்டுவார்கள், அல்லது ஒட்டுவார்கள். வேலை முடிந்தது!

இனி திசை. எழுந்து நின்று, இரண்டு பாதங்களின் நுனியையும் உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு நடந்து பாருங்கள். கால் ஒரு பக்கம் போகப் பார்க்கிறது, உடம்பு ஒரு பக்கம் போகிறது! முன் சக்கரங்கள் இப்படி உள்நோக்கித் திரும்பியிருந்தால் 'டோ-இன்', வெளிநோக்கித் திரும்பியிருந்தால் 'டோ-அவுட்' என்பார்கள்.

பாகைமானியில் 1 பாகை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒரு சக்கரம் அந்த 1 பாகை விலகியிருந்தாலே, 1 கி.மீ. ஓடுவதற்குள் அது 17 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கும். கார் விடாது, நேராகவே இழுத்துக்கொண்டு போகும். ஆக, அந்த 17 மீட்டருக்கும் டயர் சாலையில் உரசுகிறது, நோட்டில் ரப்பர் வைத்து அழிப்பது போல! தேயாமல் என்ன செய்யும்?

சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவுக்குக் 'கேம்பர்' என்று பெயர். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வர உதவும் சாய்வு 'காஸ்டர்'. அலைன்மென்ட் பார்க்கும்போது சக்கரங்களில் கருவிகளை மாட்டி, இந்தக் கோணங்களைக் கணினித் திரையில் பார்ப்பார்கள். பிறகு சக்கரத்தைத் திருப்பும் தண்டுகளின் நீளத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ 'டோ'வைச் சரிசெய்வார்கள். பெரிய பள்ளத்தில் 'தொபுக்'கென்று இறங்கிய காரை அவசியம் இப்படிப் பார்க்க வேண்டும். கார் ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் காற்றைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் இழுக்கும்!

டயரில் உள்ள பள்ளக்கோடுகள் அழகுக்காக அல்ல. மழைநீரை வெளியே தள்ளுவது அவைதான். அவை தேய்ந்துவிட்டால் டயர் தண்ணீர்மேல் வழுக்கும். பிரேக் பிடித்தாலும் கார் நிற்காது. கோடுகளுக்கு நடுவே குறுக்காக 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேடுவரை தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். திசை கெட்ட டயர் பல நேரம் உள்ஓரத்தில்தான் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போலவே தெரியும்! நிறுத்தியிருக்கும் காரில் அப்பாவையோ அம்மாவையோ ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிவிட்டு, கீழே இறங்கி உள்ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கார் இல்லையா? சைக்கிள் போதும். ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும். மற்றவர் டயரை மெல்லச் சுற்றிவிட வேண்டும். ஆரக்கம்பிகளுக்குள் விரல் போகக் கூடாது! சக்கரம் நின்றதும் அடியில் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று தடவையும் அதே இடம் கீழே வந்து நின்றால், அதுதான் கனமான பக்கம். அதற்கு நேரெதிரே ரிம்மில் கொஞ்சம் களிமண் அப்பி, மறுபடி சுற்றிப் பாருங்கள். கோடு எங்கே நிற்கிறது?