கல்யாண கேசட்டைக் காப்பாற்ற மலிவு கேப்சர் குச்சி போதுமா?

காபியும் மிளகும் விளையும் தாண்டிக்குடியில், மழை பிடித்துக்கொண்டால் அலமாரித் துணியிலேயே பூஞ்சணம் பூக்கும். கல்யாண கேசட்டை மட்டும் விட்டுவைக்குமா? பழநி மலை வீடுகளில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகளில் பலவற்றுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. போட்டுப் பார்க்க டெக்கும் அரிதாகிவிட்டது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்று தேடினால், சில நூறு ரூபாய்க்கு யூ.எஸ்.பி. கேப்சர் குச்சி கிடைக்கிறது. 'ஈஸிகேப்' என்ற பெயரில் வருபவற்றில் அட்டைப்பெட்டி ஒன்றுதான். உள்ளே இருக்கும் சிப் சின்டெக், எம்பியா, சோமாஜிக், ஃபுஷிகாய் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் 'அருமை' என்றும் இன்னொருவர் 'குப்பை' என்றும் எழுதினால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். வாங்கியதை நாமே சோதிப்பதுதான் வழி.

முதலில் கேசட்டின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வி.எச்.எஸ். படத்தின் நுணுக்கம் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகள். நிறத்துக்குச் சுமார் 40 மட்டுமே. மணப்பெண்ணின் அரக்குப் பட்டு தன் எல்லையைத் தாண்டி வழிந்தால் அது டேப்பின் குணம். குச்சியைத் திட்டிப் பயனில்லை.

குச்சியின் குணம் தெரிவது வேட்டியிலும் கூந்தலிலும். வீடியோக்காரரின் லைட் முகத்தில் அடிக்க, மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மடிப்புகள் தெரிகின்றனவா, பெண்ணின் பின்னலில் புரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வேட்டி சுண்ணாம்புச் சுவராகவும் பின்னல் கரிக்கட்டையாகவும் வந்தால், வெளிச்ச அளவைக் குச்சி இரு முனையிலும் வெட்டுகிறது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்டைப் பதிவுக்கு முன்பே சரிசெய்தால் பல குச்சிகள் திருந்தும். பதிந்தபின் திருத்த முடியாது, வெட்டுப்பட்டது போனதுதான்.

அடுத்து, அட்சதை விழும் காட்சி. வி.எச்.எஸ். படம் நொடிக்கு 50 பாதிப் படங்களாக ஓடுவது. அதைக் கம்ப்யூட்டரில் நிறுத்திப் பார்த்தால் அசையும் கைகளில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படியே பதிந்துவிட்டுப் பிறகு சரிசெய்யலாம். அந்தக் கோடு தெரியாமல் அசைவும் வெட்டி வெட்டி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: குச்சி பாதிப் படங்களைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஒரு மணி நேரம் ஓடியபின் தவில்காரரின் குச்சியும் சத்தமும் சேர்ந்து விழுகின்றனவா என்றும் பாருங்கள். விலகினால் நடுவே படங்கள் தவறியிருக்கலாம். இலவச மென்பொருளான வர்ச்சுவல்டப், தவறும் படங்களை எண்ணிக் காட்டும்.

சிலர் கேசட்டுக்கும் எச்.டி.எம்.ஐ. குச்சியை வாங்கி, நடுவில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டுகிறார்கள். வேண்டாத வேலை. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படம், சுருக்காமல் அனுப்பினாலும், நொடிக்கு 166 மெகாபிட்தான், யூ.எஸ்.பி. 2.0 தருவது 480. தாராளமாகப் போகும். 1080 புள்ளி எச்.டி. படமோ நொடிக்கு 30 வீதம் சுமார் 1,000 மெகாபிட் கேட்கும். அதனால் மலிவு எச்.டி.எம்.ஐ. குச்சிகள் படத்தை நசுக்கித்தான் அனுப்புகின்றன. பிளக்கில் நீல பிளாஸ்டிக் வைத்து யூ.எஸ்.பி. 3.0 என்று வேஷம் போடுபவையும் உண்டு. போதாக்குறைக்குக் கன்வெர்ட்டர் படத்தை அகலமாக இழுத்து, ஒல்லி மாப்பிள்ளையைக் குண்டாக்கிவிடும்.

என் கணக்கில், நல்ல சிப் வாய்த்த மலிவு குச்சி கல்யாண கேசட்டுக்குப் போதும். மிச்சப் பணத்தை டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்யவும் நல்ல ஏ.வி. ஒயர் வாங்கவும் செலவிடுங்கள். படத்தைக் கெடுப்பதில் குச்சியைவிட அழுக்கு ஹெட்டுக்கே பங்கு அதிகம். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.